அறிக்கையில் இல்லாத கோ அக்கா

அரசாங்கக் கோப்பறையில் நான் எழுதியது ஒன்றே ஒன்று கிடக்கிறது. பதினொரு பக்கம். ‘ஊழியர்களுக்குக் கணினி கற்பிக்கும் மூன்று வழிகள்: ஓர் ஒப்பீடு’ என்று தலைப்பு. மூன்று அட்டவணை, ஒரு வரைபடம், கடைசியில் என் முத்திரை. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்தவற்றில் நினைத்துப் பார்க்கத் தகுந்த எதுவும் அதில் இல்லை. முக்கியமாக, கோ அக்கா இல்லை. அந்தக் குறுகுறுப்பு போகாமல்தான் ஓய்வு பெற்ற பிறகு மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூற்றைந்தாம் வருடம். தைவானின் தெற்கே, கரும்பு வயலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். அங்கே குடும்பப் பதிவு அலுவலகத்தில் தலைவரும் நானும் போகப் பன்னிரண்டு பேர். பிறந்தவர், செத்தவர், கட்டிக்கொண்டவர், பிரிந்துபோனவர், வீடு மாறியவர், பெயர் மாற்றியவர் எல்லோரும் எங்கள் கவுன்ட்டரைத் தாண்டித்தான் போகவேண்டும். சுவர் முழுக்கக் கையால் எழுதிய பதிவேடுகள். மழைக்காலத்தில் அவற்றிலிருந்து ஊறுகாய்ப் பானை மாதிரி ஒரு வாடை வரும். அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்த வாடையை ஒரு தரம் முகர்ந்தால் தேவலை என்றிருக்கிறது.

அந்த ஏடுகள் அத்தனையும் கணினிக்குள் போகவேண்டும் என்று மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் தலைவர் ஹுவாங், மாவட்டத்துக் காகிதத்தைச் சாமி படம் மாதிரி இரண்டு கையாலும் வாங்குகிறவர். அவர் அந்தப் பன்னிரண்டு பேரை நாலு நாலு பேராக மூன்று குழுவாகப் பிரித்தார். முதல் குழுவுக்குத் தாய்பேயிலிருந்து ஆசிரியை வந்து கூட்ட அறையில் வகுப்பு எடுப்பாள். இரண்டாவது குழுவுக்கு ஒரு தடிப் புத்தகமும், எழுத்துகள் வானத்திலிருந்து விழ விழச் சுட்டுத் தள்ளுகிற ஒரு விளையாட்டும். மூன்றாவது குழு என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தபடியே கற்றுக்கொள்ளும். ராணுவத்தில் கட்டாயச் சேவையின்போது நான் தட்டச்சு எழுத்தராக இருந்தேன். அந்தப் பாவத்துக்குப் பயிற்சியும் என் தலையில், எந்த வழி சிறந்தது என்று அறிக்கை எழுதுவதும் என் தலையில்.

எங்கள் எழுத்து ஆயிரக்கணக்கில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை வைக்க முடியாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒலி. சொல் காதில் எப்படி விழுகிறதோ அப்படி அடித்தால், அதே ஒலியுள்ள எழுத்துகள் திரையில் வரிசையாக வந்து நிற்கும், வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். இன்னொன்று, உருவம். எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு விசையிலும் ஒரு துண்டு இருக்கும்: சூரியன், நிலவு, மரம், தீ, வில், வாய், பெண் என்று. துண்டுகளை வரிசையாகத் தட்டினால் முழு எழுத்து வந்துவிடும். ஆசிரியை சொல்லிக்கொடுத்தது ஒலி. நான் ராணுவத்தில் கற்றது உருவம். அப்படியானால் நாம் கற்பிக்கும் வழியை ஒப்பிடுகிறோமா, தட்டும் முறையை ஒப்பிடுகிறோமா என்று யாராவது கேட்டிருக்கவேண்டும். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தேர்வு. பத்து நிமிடத்தில் முந்நூறு எழுத்து. தேறாதவர்களுக்கு மாவட்டத் தலைநகரின் ஆவணக் கிடங்குக்கு மாற்றல். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் பஸ்.

கோ அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அலுவலகத்துக்குத் தேநீர் ஊற்ற வந்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் ஏடு எழுத உட்கார்த்திவிட்டார்கள். பிறகு பரீட்சை எழுதி நிரந்தரமானாள். அவள் கணவர் பக்கவாதத்தில் விழுந்து நாலு வருடம். தினமும் மதியம் பத்து நிமிட நடையில் வீட்டுக்குப் போய் அவருக்குக் கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஒன்றரை மணிக்குத் திரும்பிவிடுவாள். கிடங்குக்கு மாற்றினால் அந்த மதியம் போய்விடும். அப்படியானால் அவள் வேலையை விட்டுவிடத்தான் வேண்டும். முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி.

அவளைப் போட்டது முதல் குழுவில், ஒலி வகுப்பில். அதைவிட மோசமான இடம் அவளுக்குக் கிடைத்திருக்காது.

நாங்கள் வீட்டில் பேசுவது தைவானியம். பள்ளியிலும் அலுவலகத்திலும் மாண்டரின். என் தலைமுறைக்கு நாக்கு இரண்டுக்கும் வளைந்தது. அக்காவின் நாக்கு வளையவில்லை. மாண்டரினின் ‘ஃப’ அவள் வாயில் ‘ஹு’ ஆகிவிடும். என் பெயர் ஃபாங். ஏழு வருடமாக என்னைச் ‘சின்ன ஹுவாங்’ என்றுதான் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் தலைவர் ஹுவாங் கோப்பிலிருந்து தலை தூக்குவார்.

“உங்களை இல்ல, தலைவரே. சின்னவனை.”

“நான் என்ன பெரிய ஹுவாங்கா?”

“நீங்க ஒரே ஹுவாங்தான். அவன்தான் இன்னொரு ஹுவாங்.”

ஒலி முறைக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தெரியாது. வாயில் இருக்கிற தவறு அப்படியே விரலுக்கு இறங்கும். இரண்டாவது வாரம் டூ என்ற அந்த ஆசிரியை ஒரு வாக்கியம் சொல்லி அடிக்கச் சொன்னாள்: ‘நேற்றுப் பாலத்தருகே விபத்து நிகழ்ந்தது.’ நிகழ்வதற்கு ‘ஃபா’ என்று தொடங்கவேண்டும். அக்கா ‘ஹுவா’ என்று தொடங்கினாள். அப்படித் தொடங்கினால் கிடைப்பது நிலக்கடலை. ஆசிரியை திரையை எட்டிப் பார்த்துச் சத்தமாகவே படித்தாள்.

“நேத்துப் பாலத்துக்கிட்ட விபத்து நிலக்கடலை. அக்கா, யாருக்கு அடிபட்டுச்சு, கடலைக்கா?”

கூட்ட அறையே சிரித்தது. ஆசிரியை கெட்டவள் இல்லை, வயது இருபத்தாறு, அவ்வளவுதான். அக்காவும் சிரித்தாள். மறுநாள் காலையில் அவள் மேசையில் யாரோ ஒரு பொட்டலம் வறுகடலை வைத்திருந்தார்கள். அவள் அதைப் பிரிக்கவில்லை. இழுப்பறையில் போட்டு மூடினாள்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. அவரவர் பெயரை அடிக்கச் சொன்னாள் ஆசிரியை. அக்காவின் பெயரை மாண்டரினில் படித்துவிட்டு, “கேட்டதே இல்லியே இப்படி ஒரு பேரு. என்ன அர்த்தம்?” என்றாள். தலைநகரத்துப் பெண்ணுக்கு எப்படித் தெரியும். பின்வரிசையில் ஒருவர் அதைத் தைவானியத்தில் உரக்கச் சொன்னார்: போங்சி. கிடைத்ததைச் சும்மா வளர்த்துப்போடு என்று அர்த்தம். மகனை எதிர்பார்த்த வீட்டில் நாலாவதாகப் பிறந்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர். காதில் விழும் ஒலிக்குத்தான் அந்த அர்த்தம். ஏட்டில் எழுதியவர் அந்த ஒலிக்குப் பக்கமாக வரும் இரண்டு எழுத்தைத் தேடிப் போட்டிருந்தார், அவ்வளவே.

“அர்த்தமெல்லாம் பெருசா ஒண்ணுமில்ல டீச்சர்,” என்றாள் அக்கா. “நாலாவதும் பொண்ணுன்னு அர்த்தம்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பயிற்சியில் அவள் தன் பெயருக்குப் பதில் வெறும் மூன்று புள்ளி அடித்துக் கொடுத்தாள்.

கேட்கக் கேவலமான பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த விண்ணப்பங்களை வாங்கும் கவுன்ட்டரே அக்காவுடையதுதான். எத்தனையோ போங்சிகள் அவளிடம் வந்து வேறு பெயரோடு போயிருக்கிறார்கள். ஒரு நாள் குண்டூசி தேடி அவள் இழுப்பறையைத் திறந்தபோது கடலைப் பொட்டலத்துக்கு அடியில் அதே விண்ணப்பம் ஒன்று இருந்தது. அவள் கையெழுத்து. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, ‘புதிய பெயர்’ என்ற ஒன்றைத் தவிர. காகிதம் மஞ்சளாகிவிட்டிருந்தது. பார்க்காத மாதிரி மூடிவிட்டேன்.

ஐந்தாவது வாரம் அவளுடைய வேகம் பத்து நிமிடத்துக்குத் தொண்ணூறு. அதில் பாதி கடலை.

திருப்பம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. அரை நாள் வேலை, கவுன்ட்டரில் கூட்டம். அக்கா ஒரு கிழவரிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சாங்.”

“எந்த சாங், மாமா? வில்-நீளமா, நில்-விடியலா?”

“வில்-நீளம்.”

இது நாங்கள் எல்லோரும் செய்வது. ஒரே ஒலியில் பல குடும்பப் பெயர் இருப்பதால், எழுத்தைப் பிரித்துச் சொன்னால்தான் விளங்கும். மரம்-பிள்ளை லீ, காது-கிழக்கு சென். குழந்தைகூடச் சொல்லும். ஆனால் அக்கா இருபத்தெட்டு வருடமாக, நாளைக்கு நாற்பது தடவை, அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஆசிரியையும் அவள் மாணவர்கள் இருவரும் என் மேசைக்கு ஒரு பழைய ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெயரில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. படிக்கத் தெரியாவிட்டால் ஒலி தெரியாது, ஒலி தெரியாவிட்டால் அடிக்க முடியாது. அகராதி கொண்டுவர ஒருவர் ஓடினார். அக்கா கவுன்ட்டரிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

“படிக்கத் தெரியாது. மூணு தீ. அதைப் போய் எதுக்குத் தேடுறீங்க?”

நான் விசைப்பலகையில் தீயை மூன்று தரம் தட்டினேன். எழுத்து வந்து திரையில் நின்றது.

அக்கா எழுந்து வந்தாள். வில்-நீளம் சாங் கிழவர் கவுன்ட்டரில் காத்திருந்தார்.

“இவ்வளவுதானா இது?”

“இவ்வளவுதான் அக்கா.”

“அப்ப லின்? மரம் மரமா?”

தட்டினேன். வந்தது. அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன்டா சின்ன ஹுவாங், இதைத்தானேடா நான் தினமும் வாயால பண்ணிட்டிருக்கேன். ஒருத்தராவது சொல்லக்கூடாதா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து மேசையிலேயே இருந்துகொண்டு எனக்கு அது தோன்றவில்லையே.

அன்றே தலைவரிடம் போய் அக்காவை என் குழுவுக்கு மாற்றச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பட்டியல் மாவட்டத்துக்குப் போயாச்சு. குழுவுக்கு நாலு பேரு. உன் குழுவுல அஞ்சு ஆச்சுன்னா ஒப்பீடு கெட்டுப்போகும்ல.”

“அவங்க வேலை போயிடும், தலைவரே.”

“ஒப்பீடு கெட்டுப்போகும்,” என்றார் மறுபடியும்.

ஆக, அக்கா தினமும் வகுப்பில் உட்கார்ந்து கடலையாகவே அடித்தாள். எனக்குக் கிடைத்தது அவளுடைய மதிய நடைதான். பத்து நிமிடம் போக, பத்து நிமிடம் வர. நான் அவள் வீட்டருகே நூடுல்ஸ் கடையில் கழன்றுகொண்டு, அவள் திரும்பும்போது சேர்ந்துகொள்வேன். தெருவில் இரண்டு பக்கமும் பெயர்ப்பலகைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். மருந்துக்கடை, பல் டாக்டர், செத்தவர்களுக்கு எரிக்கும் காகிதக் காசு விற்கும் கடை, சைக்கிள் கடை. ஒவ்வொன்றையும் பிரித்துக்கொண்டே நடப்பாள். விசையைத் தேடுகிற மாதிரி விரல் காற்றில் அசையும்.

சுலபமாக வந்துவிடவில்லை. கணினி பிரிக்கிற விதம் வேறு, ஊர் பிரிக்கிற விதம் வேறு. ஊருக்கு லீ என்றால் மரமும் பிள்ளையும். கணினியில் பிள்ளைக்குத் தனி விசை கிடையாது. அதையும் வில், மரம் என்று வெட்டவேண்டும். அக்காவுக்கு அதில் பெரிய கோபம்.

“பிள்ளையை எவன்டா வில்லு, மரம்னு ரெண்டா வெட்டினவன்? அவனுக்குப் பிள்ளை குட்டி இல்லியா?”

“நான் வெட்டலை அக்கா.”

“நீயும் அதுக்கு ஆமாம் போட்டுத்தானே சம்பளம் வாங்குற.”

ஒரு வாரம் லீ என்ற பெயரையே அடிக்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். பிறகு தானே சமாதானம் ஆனாள். “பையன்னா கையில வில்லு வச்சிருப்பான், மரத்துல ஏறுவான். போனாப் போகுது.” அதற்குப் பிறகு அவள் அந்த எழுத்தில் தவறியதே இல்லை.

தலைவர் ஹுவாங்கின் பெயர் பலகை ஒன்றில் வந்தபோது நடுத்தெருவில் நின்று எண்ணினாள். “இருபது, ஒண்ணு, வயலு, பொன்னு. பார்த்தியா, பேர்ல இருபத்தோரு வயலும் பொன்னும் வச்சுக்கிட்டு ஒரு நாள் நமக்கு டீ வாங்கித் தந்திருப்பாரா அந்த மனுஷன்?” என் பெயருக்குச் சோதிடக் குறி, மூங்கில், பிணம் என்று வரும். அதை வைத்து இரண்டு நாள் என்னை ஓட்டினாள்.

“உங்க பேரு எப்படி வரும்னு பார்த்தீங்களா அக்கா?”

“என் பேரை விடு,” என்றாள். நடை கொஞ்சம் வேகமானது. “மத்தவங்க பேரை அடிக்கத்தானே சம்பளம்.”

ஆணியடித்த செருப்பு மாதிரி டக் டக் என்று சத்தம் போடும் அந்தப் பழைய விசைப்பலகைகள், மதிய வெயில், அவள் தூக்குச் சட்டியின் கஞ்சி வாசனை. என் வேலைக்காலம் முப்பத்தோரு வருடம்; அதில் திரும்பக் கிடைக்கும் என்றால் அந்த ஏழு வாரத்தைத்தான் கேட்பேன்.

தேர்வு நாளில் மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி கடிகாரத்தோடு வந்தார். எல்லோருக்கும் பழைய ஏட்டின் நகல் ஒன்று. முதல் வரியில் தன் பெயரை அடித்துவிட்டு, பிறகு ஏட்டை அப்படியே அடிக்கவேண்டும். அக்காவுக்கு நேர் பின்னால் நின்று நான் மேற்பார்வை. அவள் முறை மாற்றிய விஷயம் ஆசிரியைக்குத் தெரியும். சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி “தொடங்குங்க” என்றார். எல்லா விசையும் மழை மாதிரி சடசடத்தன. அக்கா உதட்டுக்குள் முணுமுணுத்தாள். குடும்பப் பெயர்: மரம், ஒன்று, வில், வாய். கோ வந்தது. அடுத்தது சொந்தப் பெயர்: நிலவு, இருபது, குறி, பெண். அதுவும் வந்தது. அதற்கும் அடுத்தது குறி, நடு, நிலவு.

அவள் விரல் நின்றுவிட்டது.

சுற்றிலும் சடசடவென்று போய்க்கொண்டிருந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தின் ஊசி பத்து விநாடி போனது, இருபது போனது. பேசக்கூடாது என்பது விதி. நான் இருமினேன்.

“சின்ன ஹுவாங்,” என்றாள், திரும்பாமல்.

அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவர் ஹுவாங் நிமிர்ந்தார்.

“என் பேரு நிலவுல ஆரம்பிச்சு நிலவுல முடியுதுடா.”

“அடிங்க அக்கா,” என்றேன்.

அரை நிமிடம் போயிருந்தது. அதன் பிறகு அவள் அடித்ததை அடிப்பது என்று சொல்லமுடியாது. இருபத்தெட்டு வருடமாகக் கவுன்ட்டரில் கேட்ட பெயரெல்லாம் வரிசையில் வந்து தங்களைத் தாங்களே பிரித்துச் சொல்லிக்கொண்டு போன மாதிரி இருந்தது. படிக்கத் தெரியாத எழுத்து வந்த இடங்களில் பக்கத்து மேசைகள் நின்றன. அவள் நிற்கவில்லை. மணி அடித்ததும் அதிகாரி எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். முந்நூற்று மூன்று.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணில் தூசி என்று யாரும் நம்பாத பொய்யைச் சொன்னேன்.

தன் மேசைக்குத் திரும்பியதும் அக்கா இழுப்பறையிலிருந்து அந்த மஞ்சள் விண்ணப்பத்தை எடுத்து விரித்தாள். கடலைப் பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தாள். ஒவ்வொரு கடலையாக உடைத்து, தோலை விண்ணப்பத்தின் மேல் போட்டு, பருப்பை எனக்கும் ஆசிரியைக்கும் நீட்டினாள். இரண்டரை மாதத்துக் கடலை. காறல் தாங்கவில்லை. மூவரும் தின்று முடித்தோம். பிறகு தோலோடு சேர்த்துக் காகிதத்தைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். மணி பன்னிரண்டாகிவிட்டிருந்தது. தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கஞ்சி ஊட்டக் கிளம்பிவிட்டாள்.

அறிக்கை எழுதும்போது ஆசிரியை டூ என்னிடம் வந்து, “அக்காவோட மதிப்பெண் என்னோடது இல்ல, ஃபாங். அதை உங்க குழுவுல போடுங்க” என்றாள். நான் தலைவரிடம் கேட்டேன். பட்டியலில் அக்கா முதல் குழு. முந்நூற்று மூன்றும் ஒலி வகுப்பின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. அதனால் வகுப்புதான் சிறந்த வழி என்று முடிவாயிற்று. மாவட்டம் முழுக்க வகுப்பே நடந்தது. முத்திரை குத்தியது நான்தான். பொய் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே, அந்த அழகில்தான்.

கோ அக்கா முழு ஓய்வூதியத்தோடு போனாள். பதினாலு வருடம் கழித்து ஒரு காலையில் அவள் மகள் அம்மாவின் இறப்புச் சான்றிதழோடு என் கவுன்ட்டருக்கு வந்தாள். அதற்குள் அலுவலகத்தில் எல்லோரும் ஒலிதான். பக்கத்து மேசைப் பெண், “குடுங்கண்ணே, நான் சட்டுனு அடிச்சுடறேன்” என்று கை நீட்டினாள்.

“வேண்டாம்மா, நானே அடிக்கிறேன்,” என்றேன்.

மரம், ஒன்று, வில், வாய். நிலவு, இருபது, குறி, பெண். குறி, நடு, நிலவு. அதை அடித்து முடிக்க எனக்கும் அரை நிமிடம் ஆனது.